சர்க்கரை வளையத்துக்குள் மஞ்சள்

மஞ்சள் தண்ணீரில் கரையாது என்று சொன்னால் எங்கள் வீதியில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வாசலில் தெளிக்கிற தண்ணீர், ஆரத்தித் தட்டு, விசேஷ நாட்களில் அண்டா அண்டாவாகக் கலக்குகிற மஞ்சள் நீர் எல்லாம் கண்ணெதிரே மஞ்சளாகத்தானே இருக்கின்றன? அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துப் பாருங்கள். காலையில் பொடி அடியில் படிந்திருக்கும். மேலே வெளிறிய தண்ணீர் நிற்கும். மஞ்சளுக்கு நிறம் தருகிற கர்குமின் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூடக் கரைவதில்லை. வேதியியல் படித்தது, திருச்சியில் கல்லூரி வேலைக்குச் சேர்ந்தது, ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டியது, பிறகு ஓய்வு பெற்றது என்று என் காலம் போனதில் பெரும் பகுதி இந்த ஒரு கேள்வியோடுதான் போயிற்று. கரையாத ஒரு தாவரப் பொருளை, அதன் ஓர் அணுவைக்கூட மாற்றாமல், எப்படிக் கரைய வைப்பது?

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவனுக்குப் பதிலில் பாதி பெருமாள் தீர்த்தத்திலேயே இருக்கிறது. தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம், குங்குமப்பூ, ஏலக்காய் எல்லாம் சேரும். குங்குமப்பூவின் இழையை வெந்நீரில் போட்ட சில நிமிடங்களில் தண்ணீர் தெளிவான பொன்னிறமாகிவிடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த நிறம் அடியில் படியாது. காரணம், அதன் நிறப்பொருளான குரோசின் தன் இரண்டு முனைகளிலும் சர்க்கரையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது எண்ணெய்த் தன்மையுள்ள நீண்ட கார்பன் சங்கிலிதான். செடி அதன் இருபுறமும் ஜென்ஷியோபயோஸ் என்ற சர்க்கரையை வேதிப்பிணைப்பால் ஒட்டிவைத்திருப்பதால் அது தண்ணீரோடு சேர்கிறது. மஞ்சள் கிழங்கு கர்குமினுக்கு அப்படி எதையும் ஒட்டவில்லை. நாம் மஞ்சளைச் சாப்பிட்டால் நம் குடலும் கல்லீரலும் அந்த வேலையைச் செய்கின்றன. குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தைக் கர்குமினோடு ஒட்டி வெளியே அனுப்பப் பார்க்கின்றன. செடியும் உடம்பும் பிணைப்புப் போட்டுச் செய்வதை நாங்கள் பிணைப்பே போடாமல் செய்து பார்த்தோம். எங்கள் கையில் இருந்ததும் சர்க்கரைதான், வளையமாக இருக்கிற சர்க்கரை.

அதன் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, 'சிடி' என்போம். 1891-ல் பிரான்சில் வில்லியே என்பவர் மாவுச்சத்தைப் பாக்டீரியா தின்ற பிறகு மிஞ்சிய படிகங்களைக் கவனித்து எழுதிவைத்தார். ஒரு கிலோ மாவுச்சத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்று கிராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷார்டிங்கர் அதைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். 1953-ல் ஃப்ராய்டன்பெர்க், கிராமர், பிளீனிங்கர் மூவரும் மருந்துப் பொருள்களை இந்த வளையத்துக்குள் அடைப்பதற்கு ஜெர்மனியில் காப்புரிமை வாங்கினார்கள். ஆறு குளுக்கோஸ் சேர்ந்த வளையம் ஆல்ஃபா, ஏழு சேர்ந்தது பீட்டா, எட்டு சேர்ந்தது காமா.

வாய் அகன்று, கீழே குறுகி, அடி இல்லாமல் இருக்கிற டம்ளரை நினைத்துக்கொண்டால் பீட்டா சிடியின் உருவம் கிடைத்துவிடும். உயரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. வெளிப்பக்கமும் இரண்டு விளிம்புகளும் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகளால் நிறைந்தவை. உள்சுவர் அப்படியில்லை, எண்ணெய்த் தன்மைக்குக் கிட்டத்தில் நிற்கிறது. உள்ளே சிக்கியிருக்கிற சில தண்ணீர் மூலக்கூறுகளுக்குப் பக்கத்தில் கைகோத்துக்கொள்ளப் போதுமான தண்ணீர் கிடையாது. அவை அங்கே இருப்பு கொள்ளாமல்தான் இருக்கின்றன. கர்குமினின் பென்சீன் வளையம் உள்ளே நுழைந்தால் அந்தத் தண்ணீர் வெளியே போய்த் தன் கூட்டத்தோடு சேர்கிறது, கர்குமினுக்கும் தண்ணீரிலிருந்து விலகி இருக்க ஓர் இடம் கிடைக்கிறது. இரண்டு தரப்புக்கும் லாபம். புதிதாக எந்த வேதிப்பிணைப்பும் உருவாகவில்லை, எதுவும் உடையவுமில்லை. கர்குமினுக்கு இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி வளையம் இருப்பதால், ஒரு கர்குமினை இரண்டு பீட்டா சிடி இருபுறமும் கவ்விக்கொள்வது வழக்கம். உள்ளே இடம் கொடுப்பதை 'ஹோஸ்ட்' என்றும், உள்ளே போவதை 'கெஸ்ட்' என்றும் சொல்வோம்.

1987-ல் பெடர்சன், லேன், கிராம் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ஹோஸ்ட்–கெஸ்ட் துறைக்காகத்தான். அவர்களுடைய வளையங்கள் ஆய்வகத்தில் கட்டப்பட்டவை. எங்களைப் போன்ற கல்லூரி ஆய்வகங்களுக்கு அது எட்டாத வேலை. சிடியின் அருமை, அது மாவுச்சத்திலிருந்து நொதியால் செய்யப்படுவது. டப்பாவில் வெள்ளைப் பொடியாக விலைக்குக் கிடைக்கும். பெரிய கருவிகள் இல்லாத ஊரிலும் ஒரு கல்வம், ஒரு தராசு, ஒளி உறிஞ்சுதலை அளக்கிற ஒரு யூ.வி. கருவி இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். தமிழ்நாட்டில் இந்தத் துறை இத்தனை கல்லூரிகளில் வேர்விட்டதற்கு இது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சுமணி அவர்களின் குழு, சிடிக்குள் அடைத்த மூலக்கூறின் மேல் ஒளி பட்டால் வினை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜேந்திரன் அவர்களின் குழு, சிடியோடு சேரும்போது மூலக்கூறுகள் ஒளியை உறிஞ்சுவதும் உமிழ்வதும் எப்படி மாறுகின்றன என்று வரிசையாக அளந்து வெளியிட்டது. நாங்கள் அந்தக் கட்டுரைகளை நகலெடுத்து, ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் படித்தவர்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஈரோட்டு மஞ்சளிலிருந்து கர்குமினைப் பிரிக்கலாம். மஞ்சளின் எடையில் அது நூற்றுக்குச் சில பங்குதான் தேறும். அளவெடுக்க மட்டும் தூய கர்குமினை வாங்கிக்கொள்வோம். பீட்டா சிடியைக் கல்வத்தில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் எத்தனாலும் விட்டுக் களிம்பாக்கி, கர்குமினைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரைக்க வேண்டும். இதற்குப் பெயரே பிசைதல் முறை. கை ஓயக்கூடாது. முதலில் வெள்ளைக் களிம்பில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு ஒரே நிறமாகும். கடைசியில் களிம்பு இறுகிக் குழவியோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை உலர்த்தி, கொஞ்சம் எத்தனாலால் கழுவி, மேலே ஒட்டியிருக்கிற கர்குமினை நீக்க வேண்டும். கழுவுகிற கையில் நிதானம் வேண்டும், அதிகம் கழுவினால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். அதே அளவு சிடியையும் கர்குமினையும் அரைக்காமல் வெறுமனே கலந்து இன்னொரு பாட்டிலில் வைப்போம். அந்த வெறுங்கலவை இல்லாத ஆய்வை நான் ஆய்வாக ஒத்துக்கொண்டதில்லை.

உள்ளே போயிற்றா என்று எப்படித் தெரிவது? இங்கேதான் இந்தத் தொழிலின் சிரமம் முழுவதும் இருக்கிறது. மாணவர்கள் ஐ.ஆர். என்ற அகச்சிவப்புப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். தெப்பக்குளத்தின் பக்கம் செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஏ.சி.ஐ.சி. என்ற கருவி மையம் இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் வேதியியல் ஆய்வு செய்தவர்களில் அங்கே வரிசையில் நிற்காதவர்கள் குறைவு. "சார், கார்போனில் பீக் கொஞ்சம் நகர்ந்திருக்கு, உள்ள போயிடுச்சு" என்பார்கள். ஈரப்பதம் மாறினாலும் அது நகரும். சூடேற்றி உருகுவதைக் கவனிக்கிற டி.எஸ்.சி. எடுத்தால் கர்குமின் உருகுகிற 183 டிகிரிப் பள்ளம் காணாமல் போயிருக்கும். அது நல்ல அறிகுறிதான். ஆனால் நீண்ட நேரம் அரைத்தாலே படிகம் குலைந்து அந்தப் பள்ளம் மங்கிவிடும். அதனால்தான் வெறுங்கலவையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், முடிந்தால் கர்குமினைத் தனியாகவும் அதே நேரம் அரைத்துப் பார்க்கச் சொல்வேன்.

நான் நம்புகிற சாட்சி என்.எம்.ஆர். தருவது. சிடியின் உள்சுவரை நோக்கி நிற்கிற ஹைட்ரஜன்கள் இரண்டு வகை. மூன்றாவது, ஐந்தாவது கார்பன்களில் இருப்பவை. கெஸ்ட் உள்ளே நுழைந்தால் அவற்றின் குறிகள் நகரும், வெளியே பார்த்து நிற்பவை அவ்வளவாக அசையாது. ரோசி என்ற இரட்டைப் பரிமாணப் படத்தில் கர்குமினின் ஹைட்ரஜனும் சிடியின் உள்ஹைட்ரஜனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது புள்ளியாகவே விழும். அந்தப் படத்துக்காக மாதிரிகளைச் சென்னைக்கு, ஐ.ஐ.டி.யில் இருக்கிற சைஃப் மையத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பு மாணவர்களுக்குக் கசக்கும். எனக்கு அது பிடிக்கும். கருவி கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், எதை அளக்கப் போகிறோம் என்று யோசித்துவிட்டு அனுப்புகிற பழக்கம் வந்துவிடும்.

ஹோஸ்ட் தன் கெஸ்டை எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று சொல்கிற எண் பிணைப்பு மாறிலி. அதைக் கணக்கிடுகிற பெனேசி–ஹில்டிபிராண்ட் வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. 1949-ல் அயோடினும் பென்சீனும் சேர்வதை அளக்க இருவர் கண்ட வழி அது. ஹோஸ்ட் மிகுதியாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று சேர்க்கை இருக்க வேண்டும். அப்போதுதான் கணக்குப் பொருந்தும். தலைகீழாக்கிப் போடுகிற கணக்கு என்பதால் ஏறக்குறைய எதைப் போட்டாலும் நேர்கோடு மாதிரி ஒன்று வந்துவிடும். கர்குமினைப் போல இரண்டு வளையம் கவ்வுகிற இடத்தில் அந்தக் கோட்டை நம்பிப் பிணைப்பு மாறிலியை எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். 1965-ல் ஹிகுச்சியும் கானர்ஸும் சொன்ன கரைதிறன் முறை இதைவிட நேர்மையானது. சிடியைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் எவ்வளவு கர்குமின் கரைந்தது என்று எடை பார்த்த மாதிரி அளந்துவிடலாம். நாள் பிடிக்கும், கண்ணாடிப் பாத்திரம் நிறைய வேண்டும், ஆனால் வருகிற எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

சரி, உள்ளே போனது. கர்குமினுக்கு என்ன ஆனது?

முதலில் கரைதிறன். 2002-ல் ஆஸ்லோவின் டன்னசனும் ஐஸ்லாந்தின் மாசன், லாஃப்ட்சன் இருவரும் சேர்ந்து வெளியிட்ட அளவுகள் எங்கள் எல்லோருக்கும் பாடம். சற்றே அமிலமான தண்ணீரில், சிடியோடு சேர்ந்த கர்குமின் குறைந்தது பத்தாயிரம் மடங்கு அதிகமாகக் கரைந்தது. வடிகட்டிய தண்ணீர் கலங்கல் இல்லாமல் ஆழ்ந்த மஞ்சளாக நிற்பதை முதன்முதலில் பார்க்கிற மாணவரின் முகம் எப்படி மாறும் என்று பல வருடம் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சி நியாயமானது.

இரண்டாவது, காரத்தைத் தாங்குவது. ஆரத்தி கரைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சோதனை நடக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தச் சிவப்பு வரும். காரத்தில் கர்குமின் தன் ஹைட்ரஜனை இழந்து நிறம் மாறுகிறது. அந்தத் தட்டை எடுத்து வைத்து மறுநாள் பார்த்தால் சிவப்பு மங்கி அழுக்குப் பழுப்பாகியிருக்கும், ஏனென்றால் காரத்தில் கர்குமின் நிலைப்பதில்லை, உடைந்து போகிறது. அவ்வளவு காரம்கூட வேண்டாம். நம் ரத்தத்தின் அளவுக்கு லேசாகக் காரமான கரைசலிலேயே, உடல் வெப்பத்தில், அரை மணிக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிதைந்துவிடுகிறது என்று 1997-ல் தைவான் ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஃபெருலிக் அமிலம், வெனிலின் போன்றவை மிஞ்சுகின்றன. சிடிக்குள் இருக்கிற கர்குமினை இந்தச் சிதைவு அவ்வளவு எளிதில் தொடுவதில்லை. வளையம் அதைக் காரத்திடமிருந்து நன்றாகவே காக்கிறது.

மூன்றாவது விஷயத்தைத்தான் நான் ஒவ்வொரு மாணவருக்கும் அழுத்திச் சொன்னேன். வேட்டியில் சாம்பார் சிந்தினால் சோப்புப் போட்டதும் கறை சிவக்கும், வெயிலில் காயப்போட்டால் மறையும் என்பது வீட்டில் துணி துவைத்த எல்லோருக்கும் தெரியும். சோப்பில் சிவப்பது காரத்தால், வெயிலில் மறைவது ஒளியால். காரத்திலிருந்து காக்கிற வளையம் ஒளியிலிருந்தும் காக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அளந்து பார்த்தால் நேர்மாறு. அதே 2002-ம் ஆண்டு ஆய்வில், கரிமக் கரைப்பானில் இருந்த கர்குமினைவிடச் சிடிக்குள் இருந்த கர்குமின் ஒளியில் வேகமாகச் சிதைந்தது. வெளிச்சம் பட்ட கர்குமின் தன் சக்தியை எப்படிச் செலவழிக்கிறது என்பது அதைச் சுற்றி இருக்கிற சூழலைப் பொறுத்தது. வளையம் அந்தச் சூழலை மாற்றிவிடுகிறது. ஒரு குணத்தைச் சீர்செய்கிற அதே வளையம் இன்னொரு குணத்தைக் கெடுக்கும். ஆகவே 'நிலைத்தன்மை கூடியது' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய வரியை என் மேசையில் தாண்டவிட மாட்டேன். எதற்கு எதிரான நிலைத்தன்மை, எந்த வெளிச்சத்தில், எந்த வெப்பத்தில் என்று எழுதச் சொல்வேன். எங்கள் ஆய்வக ஜன்னலில் காவேரிப் பக்கத்து வெயில் நேராக விழும். மாதிரிகளை அலுமினியத் தாளில் சுற்றி அலமாரியில் வைப்பது எங்களுக்குத் தினசரிச் சடங்கு.

கர்குமினை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் வளையங்களின் முழு ஆற்றல் தெரியாது. மரமஞ்சளைச் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் கேட்டால் மஞ்சள் நிறமான கட்டைத் துண்டுகளைக் கொடுப்பார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் படர்கிற காஸ்சீனியம் கொடியா, மலைப் புதரான பெர்பெரிஸா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கடைக்காரர், "ரெண்டுக்கும் இதான் சார் பேரு, மருந்துக்கு ரெண்டும் போடுவாங்க" என்பார். இரண்டிலுமே பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் எந்தச் செடி என்று தெரியாமல் ஆய்வு எழுத முடியாது. காஸ்சீனியம் அழிவின் விளிம்பில் இருக்கிற கொடி என்பதால் அது இன்னும் முக்கியம். நல்லவேளையாகத் திருச்சியிலேயே ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் பாதிரியார் கே.எம். மாத்யூ தொடங்கியது. தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை உருவாக்கியவர் அவர். இலை, பூவோடு உலர்த்திய மாதிரியை அங்கே கொடுத்து, பெயரை உறுதிசெய்து, எண் வாங்கிக்கொண்டு வந்த பிறகே பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்குவோம். கட்டையை மட்டும் வைத்துச் செடியை அடையாளம் சொல்வது கஷ்டம் என்பதால், பூவும் இலையும் தேடி அலைவதும் வேதியியல் வேலையில் சேர்ந்துகொண்டது.

பெர்பெரினுக்குப் பொருத்தமான வளையம் சிடி இல்லை, குக்கர்பிட்யூரில். பூசணிக் காய் உருவத்தில் இருப்பதால் பூசணிக் குடும்பத்தின் பெயர் அதற்கு வந்தது. 1905-ல் பெரெண்ட் இதைச் செய்தார். அவர் செய்தது இந்த உருவம்தான் என்பது 1981-ல் மாக் படிக அமைப்பை வெளியிட்டபோதுதான் தெரிந்தது. ஏழு அலகு கொண்ட வளையம், சிபி7, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆய்வகங்களுக்கு வந்தது. அதன் இரண்டு வாய்களிலும் ஆக்சிஜன்கள் வரிசையாக நிற்கின்றன. பெர்பெரின் நேர்மின்சுமை கொண்ட மூலக்கூறு. உடல் உள்ளே போய் அமர, மின்சுமையை வாயில் நிற்கிற ஆக்சிஜன்கள் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரில் பெர்பெரின் மிக மங்கலாகத்தான் ஒளிரும். சிபி7 சேர்ந்ததும் ஒளிர்வு சுமார் 500 மடங்கு கூடுகிறது என்று 2008-ல் ஹங்கேரியில் பிட்ஸோக் குழு காட்டியது. பிணைப்பு மாறிலி கோடியைத் தாண்டியது; சிடிகளோடு நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது நூறிலிருந்து சில ஆயிரம் வரைதான்.

யூ.வி. விளக்கின் கீழ் இரண்டு குப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவேன். ஒன்று இருட்டாக இருக்கும், மற்றது பச்சை கலந்த மஞ்சளில் எரியும். ஒரே செடியிலிருந்து வந்த ஒரே மூலக்கூறு, ஒரே அளவு. கொஞ்சம் சமையல் உப்பைப் போட்டால் ஒளி மங்கும். உப்பின் சோடியம் அயனிகளும் அந்த வாயைப் பிடிக்கப் போட்டியிடுகின்றன. கொஞ்சம் உப்பு இவ்வளவு செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள், பிறகு எந்தக் கரைசலில் அளந்தோம் என்று எழுத மறப்பதில்லை.

கற்பூரத்துக்கும் வருகிறேன். பச்சைக் கற்பூர டப்பாவில் நாலு மிளகைப் போட்டு வைக்கச் சொல்லும் வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு, காற்றில் போய்விடக்கூடாது என்று. கற்பூரம் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிறது; தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் போலத்தான் கரைகிறது. உருண்டை வடிவமான அந்தச் சிறிய மூலக்கூறு பீட்டா சிடிக்குள் கச்சிதமாக அமர்ந்துகொள்ளும். அமர்ந்த பிறகு பொடியை முகர்ந்தால் வாசனை மிகக் குறைவு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் கிளம்பும். ஏலக்காய், புதினா, ஓமம் இவற்றின் எண்ணெய்களையும் இப்படிப் பொடியாக்கிவிடலாம். உணவுத் தொழில் இதை வெகுநாளாகச் செய்து வருகிறது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடையும் இதே மாதிரி அடைத்து நாக்கில் கசப்பைக் குறைக்கிறார்கள். டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரைக் குழந்தைகள் வாயில் புகட்டப் பட்ட பாட்டை அறிந்த பெற்றோருக்கு இதன் மதிப்புப் புரியும். வாசனை, சுவை விஷயங்களில் வளையத்துக்குக் கிடைத்த வெற்றி முழுமையானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் மருந்து என்று சொல்லத் தொடங்கும் இடத்தில் வருகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வீதியில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து, "உங்க சிடி போட்ட மஞ்சள் மாத்திரையாம், முழங்காலுக்கு நல்லதுன்னு பையன் அனுப்பியிருக்கான், சாப்பிடலாமா?" என்றார். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் இது வருவதில்லை.

கர்குமினின் மூலக்கூறு எடை 368. பீட்டா சிடியின் எடை 1135. ஒரு கர்குமினுக்கு இரண்டு சிடி என்றால், சேர்க்கையின் எடையில் கர்குமின் நூற்றுக்குப் பதினான்கு பங்கு. 500 மில்லிகிராம் மாத்திரையில் 70 மில்லிகிராம் மஞ்சள் சத்து, மீதி சர்க்கரை வளையம். பீட்டா சிடியை உணவில் ஒரு நாளைக்கு உடல் எடையின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை என்று சர்வதேச உணவுச் சேர்க்கைப் பொருள் குழு வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். அவ்வளவு சிடி சுமந்து வரக்கூடிய கர்குமின் 50 மில்லிகிராமைத் தொடாது. ஆகவே கர்குமினுக்குப் பீட்டா சிடி ஆய்வகத்து வளையமாகத்தான் இருக்க முடியும். கடைக்கு வருகிற தயாரிப்புகளில் அப்படிப்பட்ட எண் வரம்பு வைக்கப்படாத காமா சிடி பயன்படுகிறது. பீட்டா சிடியை ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் பழைய செய்தி. அதற்காகவே அதன் விளிம்புகளை மாற்றியமைத்த வகைகளை மருந்துத் தொழில் உருவாக்கிக்கொண்டது.

காமா சிடியோடு சேர்ந்த கர்குமினைப் பன்னிரண்டு தன்னார்வலர்களுக்குக் கொடுத்து அளந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. வெறும் கர்குமினைவிட ரத்தத்தில் ஏறத்தாழ நாற்பது மடங்கு அதிகம் சேர்ந்தது. பெரிய எண்தான். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் ரத்தத்தை, ஒட்டிய சர்க்கரை அமிலத்தைக் கழற்றிவிடும் நொதியால் பதப்படுத்திய பிறகே அளக்கிறார்கள். எண்ணில் வருவது பெரும்பாலும் உடம்பு ஏற்கெனவே சர்க்கரை அமிலம் ஒட்டிவிட்ட கர்குமின். உள்ளே நுழைந்தது நிச்சயம், ஆனால் அது கிழங்கில் இருந்த அதே கர்குமினாகச் சுற்றி வந்தது என்று அந்த எண் சொல்லவில்லை. மஞ்சளோடு மிளகு சேர்ப்பதைப் பற்றியும் எல்லோரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள்: 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு, 2 கிராம் கர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம், உடலில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. மிளகு அந்த வேலையை வேறு வழியில் செய்கிறது, உடம்பு சர்க்கரை அமிலம் ஒட்டுவதைத் தாமதப்படுத்துகிறது. அப்படி ஒட்டுகிற நொதிகளை நம்பித்தான் வேறு பல மருந்துகளும் உடம்பை விட்டு வெளியேறுகின்றன. ஆகவே தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பைப்பரின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது என்று மாமியிடமும் சொன்னேன். ரசத்தில் போடுகிற மிளகு வேறு விஷயம், அதைச் சாப்பிடலாம்.

2017-ல் ஒரு மருந்து வேதியியல் இதழில் நெல்சனும் அவர் நண்பர்களும் கர்குமினைப் பற்றிக் கடுமையாக எழுதினார்கள். போலி மருந்தோடு ஒப்பிட்டு, இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய எந்த மருத்துவச் சோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் முடிவு. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. படித்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் சுட்டிய ஒரு விஷயம் எங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும்: கர்குமின் சோதனைக் குழாயில் நிறம், ஒளிர்வு, சிதைவு எல்லாவற்றாலும் அளவீட்டைக் குழப்பக்கூடிய பொருள். நிறத்தை வைத்து அளக்கிற சோதனையில் மஞ்சள் பொருளைப் போட்டுவிட்டு, வந்த எண்ணை மருந்துக் குணம் என்று எழுதக்கூடாது. சிடி சேர்த்தால் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுகிறது. கூடுதலாகக் கரைந்ததாலேயே கூடுதலாக நிறம் காட்டும். ஆகவே வெறும் சிடி, வெறும் கர்குமின், வெறுங்கலவை, சேர்க்கை என்று நாலு பாத்திரமும் ஒவ்வொரு சோதனையிலும் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம் பிடியைப் பற்றியது. வளையம் மருந்தை வயிற்றிலோ ரத்தத்திலோ விட்டுவிட வேண்டும். சிடியின் பிடி மென்மையானது. கரைசல் நீர்த்துப் போனாலே விட்டுவிடும். சிபி7 பெர்பெரினைப் பிடிக்கிற பிடி வேறு. வேறொன்று வந்து இடத்துக்குப் போட்டியிட்டால்தான் விடும். பிடித்துக்கொள்வதே மருந்தாகிற இடமும் உண்டு: அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கிற ரோகுரோனியத்தை ரத்தத்திலேயே கவ்விக்கொண்டு செயலிழக்கச் செய்யும் சுகாமடெக்ஸ், மாற்றியமைத்த காமா சிடிதான். 2008-ல் ஐரோப்பாவிலும் 2015-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தாவரப் பொருளுக்கு வளையம் தேடுகிறவர்கள், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதோடு எங்கே விட வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து ஆய்வேடுகளில் முதல் பாதி நிறைய இருக்கிறது, இரண்டாவது பாதி அபூர்வம்.

திருச்சிக் கல்லூரிகளில் இந்த வேலையை இப்போது தொடங்குகிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். செடியின் பெயரை ஹெர்பேரியத்தில் உறுதிசெய்யுங்கள். சேர்க்கையில் எடைக்கு எடை எத்தனை சதவீதம் தாவரப் பொருள் என்று முதல் அட்டவணையிலேயே போடுங்கள். இருட்டில் அளந்ததை வெளிச்சத்திலும் அளந்து, குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். கடையில் மாத்திரை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெட்டியின் முன்பக்கத்தில் எத்தனை மடங்கு என்று அச்சிட்டிருப்பதைவிட, பின்பக்கத்தில் ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் கர்குமின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் வாங்காதீர்கள்.